சிவப்பு லேபிள்

மார்ச் 4
நேற்றுக் காலை தொடங்கிய மயக்க மருந்து டியூட்டி. இன்று விடிகாலை நான்கரைக்கு ஒரு அறுவை சிகிச்சை கேஸ் முடியும் தறுவாயில், வாந்தி வராமலிருக்க ஒன்டான்செட்ரான் போட வேண்டும். கையில் எடுத்தது வெக்குரோனியம் சிரிஞ்சு. நோயாளி அப்போதுதான் தானாக மூச்சு விடத் தொடங்கியிருந்தார். போட்டிருந்தால் அந்த மூச்சு நின்றிருக்கும். ஐவி லைனில் பொருத்தும்போது சிவப்பு லேபிள் கண்ணில் பட்டது. தசையைத் தளர்த்தும் மருந்துக்கு உரிய நிறம். கீழே வைத்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பத்து நிமிடத்தில் அடுத்த கேஸ். "முடியுமா டாக்டர்?" என்று நர்ஸ் கேட்டார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மார்ச் 5
தூக்கம் பிடிக்கவில்லை. தூக்கமின்மை பற்றி டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துப் படித்தேன். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரைப் போல ஆகிவிடுகின்றன. நான் விழித்து 22 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மார்ச் 7
ஜெஃப்ரி கூப்பரின் 1978 கட்டுரையை மறுபடி படித்தேன். அவர் டாக்டர் அல்ல, பொறியாளர். விமான விபத்து ஆய்விலிருந்து வந்த முறையில், பாஸ்டனில் மயக்க மருந்து கொடுப்பவர்களிடம் உட்கார்ந்து 'என்ன தவறு நடந்தது, எப்படி நடந்தது' என்று கேட்டிருக்கிறார். தவிர்த்திருக்கக்கூடிய 359 சம்பவங்கள் கிடைத்தன. 82 சதவீதத்தில் மனிதத் தவறு. சிரிஞ்சு மாறிப்போனதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. யாரையும் குற்றவாளி ஆக்காமல் கேட்டதால்தான் இவ்வளவும் வெளியே வந்தது என்று நம்புகிறேன். மூடி வைத்திருந்தால் கருவிகளையும் லேபிள்களையும் யார் திருத்தியிருப்பார்கள்?

மார்ச் 8
இன்னொன்று. கசோனி குழுவினர் 2012இல் வெளியிட்ட அமெரிக்கக் கணக்கெடுப்பு. எதிர்பாராத மரணத்தையோ கடுமையான பாதிப்பையோ சந்தித்த மயக்கவியல் டாக்டர்களில் 67 சதவீதம் பேர், அடுத்த நான்கு மணி நேரம் தங்களால் நோயாளிகளைச் சரியாகக் கவனிக்க முடியவில்லை என்று கருதினார்கள். ஓய்வு கிடைத்தது 7 சதவீதம் பேருக்கு. அந்த நான்கு மணி நேரத்தில் மேஜையில் படுத்திருக்கும் அடுத்த நோயாளிக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கு இது பொறுக்கவில்லை.

மார்ச் 12
துறைக் கூட்டத்தில் நான்காம் தேதி நடந்ததைச் சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. "அப்போதே என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றார் மேடம். அப்புறம் இரண்டு பேர் தங்கள் சிரிஞ்சுக் கதைகளைச் சொன்னார்கள். சம்பவம் நடந்தால் அடுத்த கேஸை வேறொருவர் எடுப்பது என்று முடிவாயிற்று.

மார்ச் 19
ஜூனியர் பார்த்துக்கொண்டிருந்த நோயாளிக்குக் குரல்வளை இறுகி ஆக்சிஜன் மளமளவென இறங்கியது. சமாளித்துவிட்டார், நோயாளி நன்றாக இருக்கிறார். வெளியே வந்தவரின் விரல்கள் நடுங்கின. அடுத்த கேஸ் காத்திருந்தது.

"நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கிறேன்."

"பரவாயில்லை சார்."

கேஸ் ஷீட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.