க்ராப் முடிந்த பிறகே மென்னொளி

ஐப்பசி பிறந்ததும் ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் படங்கள் இணையத்தில் குவியத் தொடங்கிவிடும். அவற்றில் பலவற்றுக்கு ஒரே நோய்: படம் முழுக்கப் பால் தெளித்தாற்போல ஒரு மங்கல். பைன் மரத்தின் பட்டை, தார்ச்சாலை, வானம், புல் எல்லாம் ஒரே அளவில் ஒளிர்கின்றன. படத்தின் ஒளியை மென்மையாகப் பரப்பிக் காட்டும் க்ளோ எஃபெக்ட் அருமையான கருவி. ஆனால் அதை எந்தக் கட்டத்தில் போடுகிறோம், படத்தின் எந்த இடத்தில் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. க்ராப், அதாவது வேண்டாத ஓரங்களை வெட்டும் வேலை, முடியாத படத்தில் க்ளோ போடக் கூடாது என்பது இந்தப் பதிவின் முக்கியமான செய்தி. காரணங்களை விரிவாகவே சொல்கிறேன்.

இந்த எஃபெக்டுக்கு ஆர்ட்டன் எஃபெக்ட் என்று பெயர். கனடாவைச் சேர்ந்த மைக்கேல் ஆர்ட்டன் 1980களில் ஸ்லைடு ஃபிலிமில் செய்த முறை இது. ஒரே காட்சியை இரண்டு முறை எடுப்பார்: ஒன்று கூர்மையாக, மற்றொன்று ஃபோகஸ் விலக்கி. இரண்டு ஸ்லைடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் வெளிச்சம் இரண்டையும் கடந்து வர வேண்டும், படம் இருண்டுவிடும். அதனால் இரண்டையுமே கூடுதல் எக்ஸ்போஷரில் எடுப்பார். கூர்மையான ஸ்லைடு விளிம்புகளைக் காப்பாற்றும், மங்கலான ஸ்லைடு நிறத்தையும் ஒளியையும் சுற்றிலும் பரப்பும். நல்ல ஆர்ட்டன் படத்தில் மென்மையும் கான்ட்ராஸ்டும் சேர்ந்தே இருப்பதற்கு இதுதான் காரணம். மங்கல் மட்டும் இருந்து கருமை போய்விட்டால் அது பாதி வேலைதான்.

நம் மலைகளில் எதை இலையுதிர்காலம் என்பது? காடு முழுவதும் ஒரே வாரத்தில் சிவக்கிற நாடுகளின் கணக்கு இங்கே பொருந்தாது. சோலைக்காடு பசுமை மாறாக் காடு; அங்கே தாமிரச் சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் கொழுந்து, உதிரப்போகும் இலை அல்ல. பழுத்த இலை நிறம் வேண்டுமானால் கொடைக்கானல் பக்கத்துப் பேரிக்காய், பிளம்ஸ் தோட்டங்களைப் பார்க்க வேண்டும். மார்கழி, தையில் உறைபனி விழுந்து தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் புல்வெளி பழுப்புத் தங்கமாக மாறும். முதுமலையின் இலையுதிர் காடு உதிர்வது அதற்கும் பிறகு, கோடையை ஒட்டி. ஆக, நமக்குக் கிடைப்பது பச்சைக்கு நடுவே அங்கங்கே திட்டுத்திட்டாக நிறம். அந்தத் திட்டு எங்கே இருக்கிறது என்று காட்டுவது க்ராப்பின் வேலை. அதன்மேல் வெளிச்சம் எப்படி விழுந்தது என்று காட்டுவது க்ளோவின் வேலை.

எடுக்கும்போதே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர். மழை விட்ட காலையில் ஒவ்வொரு இலையிலும் வெள்ளைப் புள்ளியாக ஈரப் பளபளப்பு இருக்கும். க்ளோ போட்டதும் அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஊதிப் பெருத்து வெள்ளை உருண்டையாகிவிடும். மரமே சொறி பிடித்ததுபோல் தெரியும். போலரைசரைத் திருப்பினால் பளபளப்பு அடங்கி இலையின் உண்மை நிறம் வெளியே வரும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), அதற்கேற்ப ஷட்டரை இறக்கிக்கொள்ளலாம். எடிட்டிங்கில் எந்த ஸ்லைடரும் இதைச் செய்யாது. இரண்டாவது, ஃப்ரேமில் கொஞ்சம் இடம் விட்டு எடுப்பது. 24 மெகாபிக்சல் படம் 6000×4000. 12×18 அங்குலப் பிரிண்டுக்கு 300 பிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 5400×3600 தேவை. நீளத்திலும் அகலத்திலும் பத்துப் பத்து சதவீதம்தான் கையிருப்பு.

அந்தக் கையிருப்பில் முதல் செலவு சாய்வு திருத்துவது. 2 டிகிரி திருப்பினாலே, 3:2 விகிதத்தை வைத்துக்கொண்டால், நீளத்திலும் அகலத்திலும் 5 சதவீதம் போகும்; பரப்பில் ஏறக்குறைய 10 சதவீதம். சாய்வைக் கணிப்பதும் மலையில் லேசல்ல. தொடுவானம் கிடையாது, சரிவுதான் உண்டு. ஏரிக்கரையை நம்பினால் ஏமாந்துபோவோம். நம்மை விட்டு விலகிச் செல்லும் கரை, கேமரா நேராக இருந்தாலும் சாய்வாகத்தான் தெரியும். பைக்காரா, பேரிஜம் போன்ற நீர்நிலைகளில் நம்பகமான வழி ஒன்று உண்டு: ஒரு மரத்தின் உச்சியையும் தண்ணீரில் தெரியும் அதே உச்சியின் பிம்பத்தையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அந்தக் கோடு செங்குத்தாக நிற்க வேண்டும். எடிட்டிங் மென்பொருளான லைட்ரூமின் சாய்வுக் கருவியை இந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே இழுத்தால் போதும். தண்ணீர் இல்லாத இடத்தில் ஃப்ரேமின் நடுப்பகுதியில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தைப் பாருங்கள். ஓரத்து மரங்களை வைத்துக் கணிக்க வேண்டாம். வைட் லென்ஸில் கேமராவைச் சற்று அண்ணாந்து பிடித்தாலே அவை உள்பக்கம் சாய்ந்துவிடும்.

அடுத்து, வெள்ளை வானம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானம் பெரும்பாலும் விவரமே இல்லாத வெள்ளை. அதை ஃப்ரேமில் வைத்திருப்பதால் எந்தப் பயனும் இல்லை, கண்ணை மட்டும் மேலே இழுக்கும். துணிந்து வெட்டுங்கள். 16:9 ஆக்கினால் 6000×3375 மிஞ்சும், அது 20 மெகாபிக்சல், தாராளம். கெத்தி பள்ளத்தாக்கு போன்ற அடுக்கு மலைகளுக்கு இந்த நீள விகிதம் நன்றாகப் பொருந்தும். கிடைமட்டப் படத்திலிருந்து 4:5 செங்குத்தாக வெட்டினால் 3200×4000தான், 12.8 மெகாபிக்சல். திரைக்கு இதுவே அதிகம். 12×15 அங்குலப் பிரிண்டுக்கு ஏறக்குறைய 266 பிபிஐ வரும், அதுவும் நன்றாகவே இருக்கும். மின்கம்பி, சாலையோரத் தடுப்பு, பாதி தெரியும் வாகனம் போன்றவை ஓரத்தில் இருந்தால் வெட்டியே எடுங்கள். க்ளோ போட்டால் மறைந்துவிடும் என்று விட்டுவைத்தால், மங்கலான மின்கம்பிதான் மிஞ்சும்.

இனி, க்ராப் ஏன் முதலில் வர வேண்டும் என்பதற்கு வருகிறேன். முதல் காரணம் பிளர் ரேடியஸ், அதாவது மங்கல் எவ்வளவு தூரம் பரவுகிறது என்ற அளவு. அது பிக்சல் கணக்கு. 6000 பிக்சல் அகலப் படத்தில் 24 பிக்சல் ரேடியஸ் என்றால் அகலத்தில் 0.4 சதவீதம். அந்தப் படத்தைப் பிறகு பாதி அகலத்துக்கு வெட்டினால் அதே மங்கல் 0.8 சதவீதமாகிவிடும். இதமாகத் தெரிந்த எஃபெக்ட், ஃபோகஸ் தவறிய படமாகத் தெரியும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். பிளர் என்பது அக்கம்பக்கத்துப் பிக்சல்களின் சராசரி. மேலே வெள்ளை வானம் இருக்கும்போதே க்ளோ போட்டால், அந்த வெள்ளை கீழே இருக்கும் மரங்களுக்குள் கசிந்து இறங்கும். பிறகு வானத்தை வெட்டினாலும் கசிவு அங்கேயே நிற்கும். படத்தின் மேல்விளிம்பில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு வெளுப்புப் பட்டை! ஃபோட்டோஷாப்பில் இதற்கு ஒரு மறைமுக வழியும் உண்டு. க்ராப் கருவியில், வெட்டிய பிக்சல்களை அழிக்கும் தேர்வை எடுத்துவிட்டிருந்தால், வானம் கண்ணுக்குத் தெரியாமல் லேயரில், அதாவது படத்தின் அடுக்கில், அப்படியே இருக்கும். பிளர் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால் லேயரை நேரடியாக நகலெடுக்காமல் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றையும் அழுத்தியபடி E தட்டுங்கள். ஃப்ரேமுக்குள் தெரிவது மட்டும் புதிய லேயராக வரும். லைட்ரூமிலேயே வெட்டிவிட்டு ஃபோட்டோஷாப்புக்கு அனுப்பினால் இந்தத் தொல்லையே இல்லை.

அந்தப் புதிய லேயரை, பிளர் அளவைப் பிறகும் மாற்றிக்கொள்ள வசதியாக ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிக்கொண்டு, காஷியன் பிளர் என்ற மங்கலாக்கும் ஃபில்டரைப் போடுங்கள். ரேடியஸ், நீளமான பக்கத்தில் 0.4 சதவீதம்: 6000க்கு 24, ஃபோன் படத்தின் 4000க்கு 16. மேல் லேயர் கீழ் லேயரோடு கலக்கும் விதமான பிளெண்ட் மோடு இரண்டு வகையில் வைக்கலாம். சாஃப்ட் லைட் வைத்தால் கான்ட்ராஸ்டும் நிறமும் ஏறும், நிழல் இன்னும் கறுக்கும். லைட்டன் வைத்தால் வெளிச்சப் பகுதியின் ஒளி பக்கத்து இருட்டுக்குள் பரவும், வெளிச்சப் பகுதி மங்காது. பைன் காட்டில் மரங்களுக்கு இடையே வெயில் நுழையும் படத்துக்கு லைட்டன்தான் என் தேர்வு. லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பதற்கான ஓபாசிட்டி 12 முதல் 20 சதவீதம். 30ஐத் தாண்டினால் எஃபெக்ட் மட்டும்தான் தெரியும். ஃபைல் 16 பிட்டில் இருக்கட்டும். 8 பிட்டில் பனிமூட்டத்தின் மெல்லிய நிறமாற்றம் படிக்கட்டு படிக்கட்டாக உடையும்.

அடுத்தது, லேயர் எங்கே தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மாஸ்க்: வெள்ளை இடத்தில் லேயர் தெரியும், கறுப்பு இடத்தில் மறையும். கன்ட்ரோல், ஆல்ட், 2 அழுத்தினால் படத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ற செலக்‌ஷன் வரும். அதை அப்படியே லேயர் மாஸ்க்காக்குங்கள். இப்போது க்ளோ வெளிச்சமான இடத்தில் மட்டும் நிற்கும், நிழலில் கருமை தங்கும். ஆர்ட்டனின் ஸ்லைடுகளில் தானாக அமைந்த கான்ட்ராஸ்டை நாம் இப்படித்தான் காப்பாற்ற முடியும். பிறகு மென்மையான கறுப்பு பிரஷை 10 சதவீத ஃப்ளோவில் வைத்து, முன்னணியில் இருக்கும் பாறை, புல், அருகிலிருக்கும் மரத்தண்டு ஆகியவற்றின்மேல் தடவி எடுங்கள். கண் ஊன்றிக்கொள்ள ஓர் இடமாவது கூர்மையாக இருக்க வேண்டும்.

மலைமுகடுகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக்கில் நின்று அதிகாலையில் அடுக்கு மலைகளைக் கவனியுங்கள். பனி பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். ஒவ்வோர் அடுக்கும் கீழே வெளுத்து, மேலே ஏற ஏறக் கறுத்து, முகட்டில் கத்தி விளிம்பாக முடியும். அடுத்த அடுக்கு அதன் பின்னால் இன்னும் வெளிறித் தொடங்கும். ஆழம் தெரிவதே அந்தக் கறுத்த முகடுகளால்தான். க்ளோ இதைத் தலைகீழாக்கிவிடும்: பின்னாலிருக்கும் வெளுப்பு முகட்டுக்குள் கசிந்து, கறுப்பாக இருக்க வேண்டிய விளிம்பு சாம்பலாகிவிடும். மலைகள் தட்டையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு முகட்டுக் கோட்டையும் மாஸ்க்கில் கறுப்பால் வரைந்து காப்பாற்றுங்கள். வேண்டுமானால் அடுக்குகளின் அடிவாரத்தில் மட்டும் க்ளோவைக் கொஞ்சம் கூட்டலாம். பனி இயல்பாகத் தேங்கும் இடம் அது.

நிறத்தில் பெரிய தொல்லை சிவப்பு. சோலைக் கொழுந்து, ரோடோடெண்ட்ரான் பூ, பழுத்த பேரியிலை எதுவானாலும் சிவப்பு சேனல்தான் முதலில் நிரம்பும். வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தத்தில் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். சாஃப்ட் லைட் அதை இன்னும் தள்ளும். இலை நரம்பு மறைந்து வெறும் சிவப்புத் திட்டு மிஞ்சும். க்ளோ போடுவதற்கு முன்பே சிவப்பு சேச்சுரேஷனை 10 குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். பச்சையை ஆரஞ்சாகத் திருப்பும் வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தேயிலையும் கற்பூர மரமும் ஆரஞ்சாக ஒளிரும் நீலகிரி எங்குமே இல்லை. அந்த மண்ணைத் தெரிந்தவர்களுக்குப் படத்தின்மேல் இருக்கும் நம்பிக்கை அந்த நொடியில் போய்விடும்.

லைட்ரூமிலேயே முடிக்க விரும்புகிறவர்கள், வெயில் வரும் திசையில் ஒரு ரேடியல் மாஸ்க் போட்டு க்ளாரிட்டி மைனஸ் 20, டீஹேஸ் மைனஸ் 8 அளவில் தொடங்கலாம். இலவச மென்பொருளான டார்க்டேபிளில் சாஃப்ட்டன் என்ற மாட்யூல் இதே ஆர்ட்டன் முறைதான். மிக்ஸ் அளவை 15க்குக் கீழே இறக்குங்கள். ஃபோனில் ஸ்னாப்சீட்டின் கிளாமர் க்ளோ போதும். அளவைக் குறைத்து, எடிட் அடுக்கில் உள்ள பிரஷால் வெளிச்சப் பகுதியில் மட்டும் தடவுங்கள்.

க்ளோவே வேண்டாத படங்களும் நிறைய. தூண் பாறை போன்ற பாறை முகம், பூம்பாறையின் படிக்கட்டு வயல்கள், தேயிலை வரிசைகள் எல்லாம் கோடுகளால் நிற்கும் காட்சிகள். மங்கலாக்கினால் சொல்ல எதுவும் இருக்காது. நண்பகல் நேர்வெயிலில் எடுத்ததற்கும் உதவாது, பரவுவதற்கு அங்கே ஒளிக்கும் நிழலுக்கும் நடுவே பதமான இடமே கிடையாது. ஏற்கனவே அடர்ந்த பனிமூட்டத்தில் எடுத்த படமென்றால் பனியே டிஃப்யூசர், அதாவது ஒளியை மென்மையாக்கும் திரை. அதற்கு முன்னணி மரத்தில் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் கூட்டுவதுதான் தேவை.

முடிவு செய்யும்போது 100 சதவீத ஜூமில் பார்க்காதீர்கள். அந்த அளவில் மங்கல் மட்டுமே தெரியும், ஒளி தெரியாது. 25 அல்லது 33 சதவீதத்தில் முழு ஃப்ரேமையும் பார்த்து, லேயரை அணைத்தும் போட்டும் ஒப்பிடுங்கள். இணையத்துக்கு 1080×1350 அளவில் சுருக்கியபின் ஷார்ப்பனிங் தேவைப்பட்டால், அதே மாஸ்க்கைத் தலைகீழாக்கி நிழலிலும் முன்னணியிலும் மட்டும் போடுங்கள். பிரிண்டுக்கு அனுப்பும் பிரதி தனி: பளபளப்பில்லாத மேட் பேப்பரில் கருமை குறைவாகவே வரும், க்ளோவும் சேர்ந்தால் படம் சோர்ந்துவிடும். அந்தப் பிரதியில் ஓபாசிட்டியை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, முதலில் ஒரு சிறிய துண்டை மட்டும் அச்செடுத்துப் பார்த்துவிட்டு முழு அளவுக்குக் கொடுங்கள்.