குவெட்லின்பூர்க்: அரசி மட்டில்டாவின் கல்லறையைத் தேடி

ஜெர்மனியின் குவெட்லின்பூர்க் ஊரிலிருந்து நேற்றிரவுதான் திரும்பினேன். அந்தக் குன்றின் மேல் கண்ட கல்லறை தந்த பரவசமும், வாடகைக் கார் ஓட்டுநர் மீதான கோபமும் இன்னும் அடங்காததால் உடனே எழுதுகிறேன்.

தண்டவாளப் பணி நடப்பதாகச் சொல்லி வழியில் ஹால்பர்ஸ்டாட் நிலையத்தில் எங்களை ரயிலிலிருந்து இறக்கி, மாற்றுப் பேருந்தில் ஏற்றினார்கள். பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் நடந்தால் போய்விடக்கூடிய தொலைவுக்கு, ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்டி 18 யூரோ கறந்துவிட்டார் ஓட்டுநர். என் கணக்கில் அது ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு. நனைந்தாலும் பரவாயில்லை, நிலையத்திலிருந்து நடந்தே போங்கள்.

மறுநாள் காலை புனித செர்வாத்தியுஸ் தேவாலயத்தின் நிலவறையில் இறங்கியதும் அந்த எரிச்சல் இருந்த இடம் தெரியவில்லை. அலங்காரமே இல்லாத ஒரு கற்பேழையில், 968ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று மறைந்த மட்டில்டா உறங்குகிறார். சாக்சன் வீரன் விடுகிண்டின் வழிவந்தவர். ஹெர்ஃபோர்டு மடத்தில் தலைவியாக இருந்த பாட்டியிடம் வளர்ந்து, 909இல் ஹைன்ரிக்கை மணந்து, அவர் 919இல் ஜெர்மனியின் அரசரானபோது அரசியானவர். மகன் ஓட்டோ பேரரசர் ஆனார். புரூனோ கொலோன் பேராயர் ஆனார். மகள் ஹெட்விக்கின் மகன் ஹியூ கப்பே 987இல் பிரான்சின் அரியணை ஏறினார்.

ஆனால் என்னை நெகிழ வைத்தது அவருடைய கைம்மைக் காலம்தான். 936இல் கணவர் இறந்ததும் இந்தக் குன்றின் மேல் பெண்கள் மடம் ஒன்றை நிறுவி, கணவரின் ஆன்மாவுக்கான வேண்டுதல்களைத் தொடரச் செய்து, 30 ஆண்டுகள் தாமே நடத்தினார். ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்து அரசுச் செல்வத்தைக் கரைக்கிறார் என்று பெற்ற பிள்ளைகளே குறை கூறியதால், கணவர் எழுதிவைத்த நிலங்களை விட்டுக்கொடுத்து எங்கர் என்ற ஊரில் ஒதுங்கியிருந்தார் என்றும், மருமகள் எடித்தின் முயற்சியால் மகனோடு மீண்டும் இணைந்தார் என்றும் அவர் மறைந்து சில ஆண்டுகளிலேயே எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறு சொல்கிறது. 966இல் அதே பெயர் கொண்ட பேத்தியிடம் ஒப்படைத்த அந்த மடம், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிலைத்தது.

ஊரில் கேட்டால் எல்லோரும் ஹைன்ரிக்கைப் பற்றியே பேசுகிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. 1936இல் நாஜித் தலைவர் ஹிம்லர் இங்கே வந்து அந்த அரசருக்கு ஆயிரமாண்டு நினைவு விழா எடுத்தார். இந்தப் புனித இடமே நாஜிகளின் வழிபாட்டுக் கூடமாக்கப்பட்டது. அரசரின் எலும்புகள் இன்றுவரை கிடைக்கவில்லை. பெயரும் நாளும் பொறித்த மூடியின் கீழ் அரசி மட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருக்கிறார்.

மலையடிவாரத்தில் ஒரு சீஸ்கேக் சாப்பிட்டேன். இவ்வளவு உயரமான, இளஞ்சூடான துண்டை வேறெங்கும் கண்டதில்லை, கொடுத்த காசு முழுவதும் தகும். பிறகு மரச்சட்ட வீடுகள் நிறைந்த தெருக்களில் இருட்டும் வரை நடந்தேன். ஹைன்ரிக் உயிர்விட்ட மெம்லேபெனுக்கும் போக நினைத்திருந்தேன், கையிருப்பு இடம் கொடுக்கவில்லை. அடுத்த முறை மார்ச் 14ஐ ஒட்டியே வருவதாக இருக்கிறேன். அது, புனிதராகப் போற்றப்படும் மட்டில்டாவின் திருநாள்.