17 மூட்டைப் பருப்பு

கொழும்பு கிராண்ட்பாஸில் நான் வேலை செய்யும் ஸ்டோர்ஸுக்குப் போன ஒக்டோபரில் மைசூர்ப் பருப்போடு ஒரு 20 அடி கொன்டெய்னர் வந்தது. பெக்கிங் லிஸ்ட்டில் 25 கிலோ மூட்டை 960. வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றரை மணி. அந்த மாதத்தில் கொழும்பில் பின்னேரமானால் மழை இறங்கிவிடும். டிரைவருக்கும் அவசரம், மூட்டை இறக்கும் நாட்டாமிமாருக்கும் அவசரம்.

நான் அவசரப்படவில்லை. சேர்ந்த முதல் மாதமே எண்ணாமல் கையெழுத்து வைத்து, 12 மூட்டை குறைந்ததற்கு முதலாளி முன்னால் பதிலில்லாமல் நின்றிருக்கிறேன். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அதன் பிறகு பழைய ஸ்டோர்கீப்பர் நானாதான் எனக்கு வேலை பழக்கினார். "எண்ணாம சைன் வெக்க வாணாம் தம்பி. சீல் வெட்ட முந்தி நம்பரப் பாருங்க, வெட்டின பொறகு அது வெறும் இரும்பு."

கதவைப் பூட்டியிருந்த சீலின் இலக்கத்தையும், கதவிலுள்ள கொன்டெய்னர் இலக்கமான 4 எழுத்து 7 இலக்கத்தையும் கடதாசியோடு ஒத்துப் பார்த்துப் படமெடுத்த பிறகே வெட்ட விட்டேன். இறக்குவதைக் கோடு போட்டு எண்ணினேன். அடுக்குக்கு 5, எட்டு அடுக்கு, ஒரு பலகைத் தட்டில் 40. என் கோட்டுக் கணக்கும் தட்டுக் கணக்கும் ஒன்றாக வரவேண்டும். இடையில் யார் கூப்பிட்டாலும் தலை நிமிரமாட்டேன்.

முக்கால்வாசி இறங்கியபோது ஊறிப் புளித்த வாடை ஒன்று வந்தது. கடைசிச் சுவரோடு, இடப்பக்க மூலையில் மேலிருந்து கீழாகச் சாக்குகளில் மங்கலான கறை. தொட்டால் கையில் ஈரம் இல்லை. அமுக்கிப் பார்த்தால் உள்ளே பருப்பு கட்டியாகிக் கல் மாதிரி. உள்ளே நின்றுகொண்டு இரண்டு கதவையும் சாத்தச் சொன்னேன். ஒரே இருட்டு. அந்த மூலைக்கு நேர் மேலே, கூரையில், மிளகளவு வெளிச்சம்.

"இப்ப தூறினதுல நனைஞ்சிருக்கும் தம்பி, அப்படியே எழுதுங்க" என்றார் டிரைவர். காரணம் எதையும் நான் எழுதவில்லை. டெலிவரி நோட்டில் "17 மூட்டை கறை, கட்டி, உட்சுவர் இடமூலை, கூரையில் ஓட்டை" என்று கண்டதை மட்டும் எழுதி, அவருடைய கையெழுத்தை வாங்கிய பிறகு என்னுடையதை வைத்தேன். நல்லது 943 என்று ஜி.ஆர்.என். (சரக்குப் பெற்றுக்கொண்ட பத்திரம்) போட்டேன்.

அன்றே கப்பல் கம்பனிக்கும் இன்சூரன்ஸுக்கும் கடிதம் போனது. வெளியே தெரியாத சேதமென்றால் சரக்கைப் பொறுப்பேற்று மூன்று நாளைக்குள் கப்பல்காரருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். இல்லாவிட்டால் சாமான் ஒழுங்காக வந்ததென்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை வந்த சரக்கை "திங்கள் பார்ப்போம்" என்று விட்டிருந்தால் அந்த நாட்கள் கிட்டத்தட்ட முடிந்தே போயிருக்கும்.

நனைந்ததை நல்லதோடு கலந்து தள்ளிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். என்னால் அது முடியாது. கொழும்பில் எத்தனை வீட்டில் காலைச் சாப்பாடு பாணும் பருப்பும்! அந்த 17 மூட்டையையும் வேறாக ஒரு தட்டில் வைத்து, கயிறு கட்டி மறித்தேன்.

சனிக்கிழமை காலை சேதத்தைப் பரிசோதிக்கும் சர்வேயர் வந்தார். சட்டைப்பையிலிருந்து சிறு போத்தலை எடுத்து, கறை பட்ட சாக்கில் ஒரு சொட்டு விட்டார். சில்வர் நைட்ரேட். சொட்டு விழுந்த இடம் பால் மாதிரி வெளுத்தது. கறையில்லாத ஒரு சாக்கிலும் விட்டார், அங்கே ஒன்றும் ஆகவில்லை. "மழைத் தண்ணிக்கு இப்படி வராது. இது உப்பு, கடல் தண்ணி" என்று சொல்லி என் டெலிவரி நோட்டைக் கேட்டு வாங்கினார்.

பணம் வர மூன்றரை மாதம் சென்றது. 17 மூட்டைக்கும் முழுதாக வந்தது.