பெசன்ட் நகரில் வீடு விற்க: பெயின்டர் கடைசியில் வரட்டும்

பெசன்ட் நகர் வீடென்றால் சொன்ன அன்றே ஆள் வந்து நிற்கும் என்றார் புரோக்கர். வந்து நின்றார்தான். ஆனால் அவர் வங்கிக் கடனில் வாங்குகிறவர். வங்கி வக்கீல் நீட்டிய பட்டியலைப் பார்த்தபோதுதான் காகிதங்களைச் சரிபார்க்காமல் பெயின்டரைக் கூப்பிட்டு, வேலையைத் தலைகீழாகத் தொடங்கியிருந்தது உறைத்தது.

வில்லங்கச் சான்றை (சொத்தின்மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) ஆன்லைனில் எடுத்து வைத்திருந்தோம். எங்களுக்கு அதில் 1975 முதல்தான் வந்தது. எங்கள் கிரயப் பத்திரம் 1971. முந்தைய வருடங்களுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுப் போட வேண்டியிருந்தது. பழைய பதிவேடுகளைப் புரட்டித்தான் தந்தார்கள். இன்னொன்று: பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே எண், பட்டாவில் இருப்பது பிளாக் எண்ணும் டி.எஸ். (நகர சர்வே) எண்ணும். ஒன்றை மட்டும் போட்டுத் தேடினால் பதிவுகள் விடுபடும். இரண்டுக்கும் தனித்தனியாக எடுங்கள். கதவு எண்ணும் அப்படியே, பழையது புதியது இரண்டும். சென்னையில் வேறு வழியில்லை.

உரிமையாளர் பெயர் பத்திரத்தில் ‘சுப்ரமணியன்’, வாரிசுச் சான்றில் ‘சுப்பிரமணியம்’. ஒன்றிரண்டு எழுத்துதானே என்றோம். கவுன்டரில் இருந்தவர் நிமிராமலே, “ரெண்டும் ஒருத்தர்தான்னு எழுதி வாங்கிட்டு வாங்க” என்றார். வெள்ளைத்தாளில் கொண்டுபோனோம், செல்லாதாம். முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு மறுபடி போனோம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு நடை மிச்சம்.

சொத்துவரி, தண்ணீர் வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

இனி வீடு. கடற்காற்றில் சன்ஷேடு கம்பி துருவேறி வீங்கி கான்கிரீட்டைப் பிளந்திருந்தது. பெயின்டர் அதன்மேல் பட்டி பார்த்து மறைத்துவிட்டார். மூன்றே வாரத்தில் பொத்தென்று விழுந்தது. உதிரும் கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் அடைத்தால்தான் நிற்கும். கீழ்ச்சுவரில் உப்பு பொரிந்திருந்தால் ஓதம் (ஈரம்) ஏறிய கோட்டுக்கு மேலே ஓர் அடி வரை பூச்சை உடைத்துச் செங்கல்லைக் காயவிடுங்கள். புதுப்பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர், பிறகு நான்கு வாரம் காயவிட வேண்டும். அதற்குள் பெயின்ட் அடித்தால் கொப்பளிக்கும். மொட்டை மாடித் தட்டோட்டு இடுக்குகளை இதற்கெல்லாம் முன்பே அடைத்துவிடுங்கள்.

வாங்க வருகிறவர் பில்டர் என்றால் இந்த ரிப்பேர் எதுவும் வேண்டாம். இடிக்கப்போகிற வீட்டுக்கு மனை விலைதான் பேசுவார்.

வீட்டில் பங்குள்ளவர் யாராவது வெளிநாட்டில் இருந்தால் கூடுதல் கவனம். தன் சார்பில் கையெழுத்திட அவர் எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். கூரியர் உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் அத்தாட்சி. வாங்குகிறவர் விலையில் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் 1 சதவீத டிடிஎஸ் அவர் பங்குக்குப் பொருந்தாது, பிடித்தம் பல மடங்கு. ஆடிட்டரை முன்கூட்டியே பாருங்கள். பவர் கொடுத்தவரின் உயிர்வாழ் சான்று 30 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பத்திரப்பதிவு இரண்டு வாரம் தள்ளிப்போனதில் எங்களுடையது காலாவதி. வெளிநாட்டில் இருக்கும் தங்கை மறுபடி டாக்டரிடம் போய், தான் உயிரோடு இருப்பதாக எழுதி வாங்கி அனுப்பினாள்.