மறுபடியும் அந்த வாய்ஸ் நோட்

ஆரம்பாக்கம் பக்கத்துக் குரூப்புகளில் 'பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க' வாய்ஸ் நோட் மறுபடி சுற்றுகிறது, ஆந்திர எல்லை தடா பக்கமிருந்து தெலுங்கில் வந்ததை யாரோ தமிழில் பேசி அனுப்பியிருக்கிறார்கள், கூடவே போர்வை விற்க வந்த ஒரு வடநாட்டுப் பையனின் போட்டோ. முதலில் அந்தப் போட்டோவை அழியுங்கள். 2018 மே மாதம் இதே வதந்தியை நம்பித்தான் நம் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அந்த வருஷம் நாடு முழுக்கப் பரவிய 'கடத்தல்' வீடியோ, கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திருப்பி விடும் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் ஒரு ஃபார்வர்டை ஒரே நேரத்தில் 5 சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாது என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. சரி, ஆனால் அப்போது ஒரு குரூப்பில் 256 பேர், இப்போது 1024 பேர் வரை சேர்க்கலாம், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அனுப்பியவர்களைக் கேட்டால் 'எனக்கு வந்துச்சு, அனுப்பினேன்' என்கிறார்கள், படித்தவர்களும்தான்.

திருவிழா குரூப் அட்மின் அண்ணே, ரெண்டு நாளைக்கு அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றி வையுங்க. நிஜமாகவே சந்தேகம் என்றால் அவசர உதவி எண் 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள்.