விளைச்சலின் எடையும் விதையின் உயிரும்

சோயாவில் ஒரு புதிய ரகத்துக்கான வேலை 6 அல்லது 7 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு பூவில் தொடங்குகிறது. பூ விரிவதற்குச் சற்று முன்போ விரியும்போதோ உள்ளேயே மகரந்தம் உதிர்ந்து தன்மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுவதால், இதழின் நுனி புல்லிக்கு வெளியே இலேசாகத் தெரியும் மொட்டை அதற்கு முன்பே தேர்ந்தெடுத்து, 5 புல்லிகளையும் இடுக்கியால் கிள்ளி, இதழ்களையும் 10 மகரந்தத்தாள்களையும் நீக்கி, எஞ்சும் சூல்முடியில் வேறொரு ரகத்தின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். அவ்வாறு கலந்த மொட்டுகளில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடுகின்றன. நின்ற காயிலும் 2 அல்லது 3 விதைகளே கிடைக்கின்றன. வெள்ளைப் பூச் செடியைத் தாயாகவும் ஊதாப் பூச் செடியைத் தந்தையாகவும் வைத்துக்கொண்டால், ஊதா ஓங்குபண்பு என்பதால், முளைத்த சில நாட்களிலேயே இளந்தண்டின் ஊதா நிறம் கலப்பு பலித்ததைச் சொல்லிவிடும். அந்த நிறத்தைக் காணும் காலை வேளை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

அதன்பின் வருவது பொறுமை. ஒவ்வொரு தலைமுறையிலும் செடிக்கு ஒரு விதை வீதம் எடுத்து விதைத்துக்கொண்டே போகும் முறையை 1966இல் பிரிம் என்பவர் சோயாவுக்காக விளக்கினார். ஆறாம் தலைமுறையில், பெற்றோரின் வேறுபட்ட மரபணுக்கள் ஒரே செடியில் இணைந்திருக்கும் கலப்பு நிலை ஏறத்தாழ 3 விழுக்காடாகக் குறைந்து, வரிசைகள், அதாவது ஒவ்வொரு செடியின் வழிவந்த தொகுதிகள், நிலைபெறுகின்றன. எவற்றை வைத்துக்கொள்வது என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

சோயா விதையில் சுமார் 40 விழுக்காடு புரதமும் 20 விழுக்காடு எண்ணெயும் இருக்கின்றன. புரதம் மிகுந்த வரிசைகளையே தேர்ந்துகொண்டு போனால் எண்ணெய் குறைகிறது. பெரும்பாலான கலப்புகளில் விளைச்சலும் சரிகிறது. செடியின் வரவுசெலவுக் கணக்கைப் பார்த்தால் இதன் காரணம் புரியும். 1 கிராம் குளுக்கோஸைக் கொண்டு ஏறக்குறைய 0.8 கிராம் மாவுப்பொருளைச் செடியால் ஆக்க முடியும், புரதமானால் 0.4 கிராம், கொழுப்பானால் 0.33 கிராம்தான். ஆகவே பயறு வகைகளை நெல்லோடும் கோதுமையோடும் எடைக்கு எடை ஒப்பிட்டுக் குறை கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தழைச்சத்தின், அதாவது நைட்ரஜனின், கணக்கு இன்னும் கடுமையானது. 1 டன் விதை விளைய, செடி ஏறத்தாழ 80 கிலோ தழைச்சத்தைத் தன்னுள் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதில் பாதியையோ சற்றுக் கூடுதலாகவோ வேர்முடிச்சுகளில் வாழும் பிராடிரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து பிடித்துத் தருகின்றன. விதை முற்றும் காலத்தில் முடிச்சுகள் தளர்ந்துவிட, செடி தன் இலைகளிலிருந்தே தழைச்சத்தை உருவி விதைக்கு அனுப்புகிறது. இலை பழுத்து ஒளிச்சேர்க்கையும் அடங்குகிறது. சின்கிளேர், டி விட் என்ற ஆய்வாளர்கள் 1975இல் இதைச் செடி தன்னையே அழித்துக்கொள்வதாக விளக்கினார்கள். உரத்தை அள்ளிப் போடுவது தீர்வாகாது, ஏனெனில் மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் முடிச்சுகள் குறைகின்றன. பிரேசிலில் யோஹானா டோபரைனர் என்ற மண் நுண்ணுயிர் ஆய்வாளர், தழைச்சத்து உரமின்றி, பாக்டீரியாவை நம்பியே சோயா ரகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று வலியுறுத்தி வென்றார். எந்த மண்ணில் தேர்கிறோமோ அந்த மண்ணுக்கான செடியே நமக்குக் கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

ஆனால் என் மனத்தை நெடுநாளாக உறுத்துவது வேறொன்று. சில பருவங்களுக்கு முன் எங்கள் ஒப்பீட்டு வயலில் விளைச்சலில் முதலிடம் பெற்ற ஒரு வரிசையின் விதையைச் சேமிப்பிலிருந்து எடுத்து அடுத்த பருவத்தில் விதைத்தபோது, பாதிகூட முளைத்து மேலே வரவில்லை. காயின் எண்ணிக்கை, நூறு விதை எடை, நோய் எதிர்ப்பு என்று அனைத்தையும் அளந்த நான், அந்த விதை சேமிப்பில் உயிரோடு இருக்குமா என்பதை அளக்கவில்லை. சோயா விதையின் தோல் மெல்லியது. முளைவேர் அத்தோலுக்கு நேர்கீழே இருப்பதால் அடித்துப் பிரிக்கும்போது எளிதில் காயப்படுகிறது. எண்ணெய் மிகுந்த விதை வெப்பத்திலும் ஈரத்திலும் விரைவாக மூப்படைகிறது. பெரிய மணிகளுக்கு இந்தத் தொல்லை பொதுவாக அதிகம், சிறிய மணிகளுக்குக் குறைவு. எடைக்காக மணியைப் பெருக்கிக்கொண்டே போவதில் எனக்குள்ள தயக்கம் இதிலிருந்து வந்ததுதான்.

காட்டுச் சோயாவின் நூறு விதைகள் 1 முதல் 3 கிராம் எடையே இருக்கும். நீர் புகாத கெட்டித் தோலால் அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்குகின்றன. மனிதன் பயிராக்கியபோது அந்தக் கெட்டித்தன்மை போயிற்று. அதற்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றான ஜிஎம்எச்எஸ்1-1 என்பதை 2015இல் அடையாளம் கண்டார்கள். கெட்டித் தோல் முழுவதுமாகத் திரும்பினால் விதை ஒரேசீராக முளைக்காது, சமைக்கவும் வேகாது. பாசிப்பயற்றில் வரும் கல் பயறு நாம் அறிந்ததே. நீரை மெல்ல உள்ளே விடும் ஓர் இடைநிலைத் தோலைத்தான் நான் தேடுகிறேன். நீர் சட்டென்று பாயும்போது செல் சவ்வுகள் சிதைவதை அது தடுக்கும்.

இப்போது, சேமிப்பில் நேரும் மூப்பை விரைவுபடுத்திப் பார்க்க, ஐந்தாம் தலைமுறையிலேயே ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு கைப்பிடி விதையை 41 டிகிரி வெப்பத்தில், ஏறக்குறைய முழு ஈரப்பதத்தில் 72 மணி நேரம் வைத்து, பிறகு முளைக்க விடுகிறேன். விளைச்சல் ஒப்பீட்டுக்குப் போகும் முன்பே பல வரிசைகள் இதில் விழுந்துவிடுகின்றன. அவற்றுள் அழகான, பருத்த மணிகள் கொண்டவையும் உண்டு. அவற்றை ஒதுக்க மனம் வருந்தினாலும் ஒதுக்கிவிடுகிறேன். தேறியவற்றில் ஒரு வரிசை, தண்டிலும் காயிலும் சாம்பல் நிற மயிரும் நடுத்தர மணியும் உடையது, இரண்டு பருவங்களாக முன்னணியில் நிற்கிறது. அதன் விதையை அறை வெப்பத்திலேயே ஓராண்டு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் விதைக்கிறேன்.