ஓரியூர் அருளானந்தருக்கு முடி இறக்கினோம்

என் மகனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்து மதுரையில் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது என் மாமியார் அருளானந்தருக்கு, வேதத்துக்காக ஓரியூரில் வெட்டுப்பட்ட புனித ஜான் டி பிரிட்டோவுக்கு, வைத்த வேண்டுதல் இது. பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் திருவாடானையிலிருந்து செருப்பில்லாமல் ஓரியூருக்கு நடந்து வருகிறேன், அருளானந்தர் சந்நிதியில் பேரனுக்கு முடி இறக்குகிறேன், கிடா வெட்டி எங்கள் கோயில் சனம் அத்தனைக்கும் சோறு போடுகிறேன் என்று சொல்லி, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முந்தானையில் ஒரு ரூபாய்க் காசை முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் அதைத் துணியில் கட்டி, பீடத்தில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். அந்தக் காசை இந்த வருடம்தான் உண்டியலில் போட முடிந்தது.

எங்கள் ஊர் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிளைக்கிராமம். பங்குக் கோயில் தள்ளி இருக்கிறது. சாமியார் வாரத்தில் ஒரு நாள் வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் சாயங்காலம், சாமியார் இல்லாதபோது செபம் நடத்துகிற உபதேசியார் மணி அடித்தால் வந்திருக்கிற பத்து இருபது பேர் செபமாலை சொல்வோம். அவ்வளவுதான் எங்கள் கோயில். ஆனால் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அந்தச் சின்னக் கோயில் எங்களுக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் ஓரியூரைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது. எங்கள் அன்பியத்து (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த செபக்குழு) பெண்கள் முறை வைத்து வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, என் மாமனாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து அருளானந்தர் மன்றாட்டு சொல்லியிருக்கிறார்கள். ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பால் சபைக்காரர்கள் பஸ் செலவுக்கும் மருந்துக்கும் பணம் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். கோயிலுக்கே வராத ஒரு அண்ணன் மதுரை வரைக்கும் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். பக்கத்து வீட்டு அக்கா வேறு சாமி கும்பிடுகிறவர். அவரும் திண்ணையில் உட்கார்ந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கூடவே சொன்னாராம். அதனால்தான் மாமியார் தன் வேண்டுதலில் ஊர்ச் சோற்றையும் சேர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிள்ளைக்காக மன்றாடிய வாயெல்லாம் சாப்பிட வேண்டும் என்று.

கிடாக்குட்டியை ஓரியூருக்கென்று சொல்லியே வாங்கி வளர்த்தோம். மாமியாருக்கு முழங்கால் வலி, அதற்கு நடுவில் மாமனார் காலமானது என்று வேண்டுதல் தள்ளிக்கொண்டே போனது. பிள்ளைக்கு முடி தோளில் புரண்டது. இனியும் தள்ளக்கூடாது என்று பிப்ரவரித் திருவிழாவை ஒட்டிய புதன்கிழமையைக் குறித்தோம். ஓரியூரில் புதன்தான் விசேஷம். அருளானந்தரை வெட்டிய 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஒரு புதன்கிழமை, அதுவும் திருநீற்றுப் புதன்.

விடியாத இருட்டில் திருவாடானைச் சிவன் கோயில் கோபுரத்தைத் தாண்டி நடக்க ஆரம்பித்தோம். மாமியார், நான், என் வீட்டுக்காரர், கோயில் இளைஞர்கள், வயசுப் பெண்கள் சிலர். பிள்ளையைத் தோள் மாற்றித் தோள் தூக்கினார்கள். கிடா, அண்டா, அரிசி மூட்டை எல்லாம் பின்னால் வேனில் வந்தன. ஆளுக்கு ஒரு காரணிக்கம், அதாவது பத்து மணி, செபமாலை சொல்லிக்கொண்டே போனோம். விடியும்வரை ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் சோதனை. இராமநாதபுரம் சீமை வெயிலைத் தை, மாசி என்று மாதம் பார்த்துச் சொல்ல முடியாது. ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லும் வைக்கோலும் காயப் போட்டிருந்தார்கள். மீதியில் வண்டிகள். ஓரமாக இறங்கினால் சீமைக்கருவேல முள். மாமியாருக்கு முள் ஏறி ஒடிந்துவிட்டது. உட்காரவைத்து ஊக்கால் எடுக்கப் பார்த்தோம், முழுதாக வரவில்லை. "வேனில் ஏறுங்க அத்தை, சாமி கோவிச்சுக்க மாட்டாரு" என்று எவ்வளவோ சொன்னேன். "அவரக் கைகாலக் கட்டி இழுத்துக்கிட்டு வந்த மண்ணுத்தா இது. எனக்கு ஒரு முள்ளு. அதுக்கு வேனா?" என்று கேட்டுவிட்டுக் காலை ஊன்றி எழுந்துவிட்டார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. கடைசி வரைக்கும் விரல் நுனியாலேயே நடந்து வந்தார். வழியில் ஒரு வீட்டு ஆட்கள் வாசலில் பானை வைத்து, நடக்கிறவர்களுக்கெல்லாம் நீர்மோர் ஊற்றினார்கள். யார் எவர் என்று கேட்கவில்லை. அவர்கள் குடும்பம் நன்றாயிருக்க வேண்டும்.

ஓரியூருக்குள் நுழைந்ததும் மனசு வருத்தப்பட்டதையும் சொல்லத்தான் வேண்டும். வேனை நிறுத்த இடம் தேடுவதற்குள் நாலு பேர் மெழுகுதிரியையும் மாலையையும் கையில் திணித்தார்கள். வாங்கிய பிறகுதான் விலை சொல்கிறார்கள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் "நேத்திக்கடனுக்கு வந்துட்டுக் கணக்குப் பாக்குறீங்களே" என்று பேச்சு. கடன் வாங்கிக்கொண்டு வருகிற சனம் எவ்வளவோ. அவர்கள் பயபக்தியைப் பிடித்து இழுத்துக் காசாக்குவது பெரிய பாவம். முடி இறக்குகிற இடத்திலும் பேசிய கூலி ஒன்று, பிள்ளை மடியில் உட்கார்ந்து பாதித் தலை ஆன பிறகு கேட்டது ஒன்று. அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு யார் வாதாட முடியும்? கொடுத்துவிட்டோம். கூட்டமும் அப்படி. எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவரைக் கொஞ்ச நேரம் காணாமல் எல்லோரும் பதறிப்போனோம். மைக்கில் சொல்லித்தான் கிடைத்தார்.

சரி, அதெல்லாம் பூசை தொடங்கியதும் மறந்துவிட்டது.

பிரசங்கத்தில் சாமியார் அருளானந்தரின் அம்மாவைப் பற்றிச் சொன்னார். எங்கள் பக்கம் ஆனந்து, பிரிட்டோ என்று பேர் இல்லாத வீடு கிடையாது. வெட்டுப்பட்ட கதை எல்லோருக்கும் மனப்பாடம். மறவர் சீமை இளவரசர் தடியத்தேவர் அருளானந்தரால் நோய் தீர்ந்து ஞானஸ்நானம் பெற்றது, மூத்த மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியது, அதில் ஒருத்தி இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதிக்கு உறவுமுறைப் பெண் என்பதால் அரண்மனை வரை வழக்குப் போனது, சேதுபதி அருளானந்தரை ஓரியூருக்கு அனுப்ப, இங்கே ஆட்சி செய்த உடையத்தேவர் ஆணையில் தலை விழுந்தது, இதெல்லாம் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டாயிற்று. ஆனால் அம்மா கதையை நான் இப்படிக் கேட்டதில்லை.

1647இல் லிஸ்பன் நகரத்தில் பெரிய பிரபு வீட்டில் பிறந்தவர் அருளானந்தர். அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்த பிள்ளை. சின்ன வயதில் உயிர் போகிற மாதிரி நோய் வந்துவிட்டது. தகப்பன் இல்லாத வீடு. இந்தியாவுக்கு வந்து வேதம் போதித்த புனித சவேரியாரிடம் அம்மா நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தால் சேசுசபைச் சாமியார்களின் அங்கியை ஒரு வருடம் அவனுக்கு உடுத்தி வைக்கிறேன் என்று. பிழைத்தார். அரண்மனைப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு வருடம் முழுக்க அந்தக் கறுப்பு அங்கியோடு திரிந்தார். வருடம் முடிந்து அங்கியைக் கழற்றினாலும் மனசு கழலவில்லை. 1662இல் அதே சபையில் சேர்ந்தார். சவேரியார் வந்த நாட்டுக்கே போகிறேன் என்று கிளம்பியபோது, நேர்ந்துகொண்ட அதே அம்மா போகவிடாமல் தடுக்கப் போப்பாண்டவரின் தூதுவர் வரைக்கும் போய் முறையிட்டாராம். நடக்கவில்லை. 1673இல் மகன் கப்பல் ஏறிவிட்டார். இங்கே வந்து பண்டாரசாமி வேடம், மரக்கறிச் சாப்பாடு, கால்நடையாக ஊர் ஊராக அலைச்சல். 1686இல் பிடித்துச் சித்திரவதை செய்து விட்டபிறகு ஒருமுறை ஊருக்குத் திரும்பியவரை, இங்கேயே இரு என்று அரசரே கேட்டும் தங்கவில்லை. 1690இல் மறுபடி இந்தியாவுக்கு வந்து, இந்த மறவர் சீமைக்கே திரும்பினார். வெட்டுப்பட்ட செய்தி லிஸ்பனுக்குப் போனபோது, அந்த அம்மா துக்க உடை உடுத்தவில்லை, விழா உடையில்தான் அரண்மனைக்கு வந்தார் என்று சொல்லிச் சாமியார் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. மடியில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். மாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை.

பூசையில் நற்கருணை நன்மை வாங்கிவிட்டு, அருளானந்தர் வெட்டுண்ட இடத்துக்குப் போனோம். அவர் ரத்தம் பட்டுச் சிவந்த மண் என்று சனம் கையில் அள்ளி நெற்றியில் பூசி, முந்தானையில் முடிந்துகொண்டிருந்தது. மாமியார் நொண்டிக்கொண்டே போய் முழங்காலில் விழுந்தார். பிள்ளையை வாங்கித் தன் முன்னால் நிறுத்திக்கொண்டார். எல்லோரையும் போல வாய்க்குள் செபிப்பார் என்று நினைத்தேன். அவரோ எதிரில் ஆள் நிற்கிற மாதிரி உரக்கப் பேசினார்.

"ஐயா, ஒங்க ஆத்தா ஒங்களுக்காகச் சவேரியாரு கால்ல விழுந்தாக. நான் இவனுக்காக ஒங்க கால்ல விழுந்தேன். அவுக கேட்டது கெடச்சுச்சு, எனக்கும் கெடச்சுச்சு. ஆனா அவுக ஒங்களத் திருப்பிக் குடுத்துட்டாக. எனக்கு அந்த மனசு இல்ல ஐயா. இவன எங்கிட்டயே விட்ருங்க. நான் சாகுற வரைக்குமாச்சும் விட்ருங்க."

அதற்கு மேல் அழுகைதான். மண்ணை அள்ளிப் பேரன் தலையில் தடவினார், கண்ணில் ஒற்றினார், வலிப்பு வந்தபோது இழுத்துக்கொண்ட அந்தக் கையைப் பிடித்து உள்ளங்கை முழுக்கத் தேய்த்தார். பிள்ளை ஒன்றும் புரியாமல் அப்பத்தாவின் கண்ணைத் துடைத்தான். ஒழுங்கு செய்கிற தம்பி ஒருவர் "நகருங்க, பின்னால ஆளு நிக்கிறாங்க" என்று சத்தம் போட்டார். எங்களுக்குப் பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மா, "விடுங்கய்யா, அந்தாத்தா பேசி முடிக்கட்டும், நாங்க நிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். அந்தக் கூட்டத்தில், அந்த வெயிலில், வரிசையே அசையாமல் எங்களுக்காக நின்றது. என் வாயில் ஒரு செபமும் வரவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். சாமியிடம் அப்படிப் பேசலாமா என்று எனக்குத் தெரியாது. அருளானந்தருக்கு அது கேட்டது என்று மட்டும் தெரியும். பிள்ளைக்காகக் கெஞ்சிய ஒரு அம்மாவைக் கூடவே இருந்து பார்த்தவர் அவர்.

அப்புறம் சமையல். மரத்தடியில் கல் கூட்டி, எங்கள் ஊர் ஆண்கள்தான் கிடாவை உரித்தார்கள், பெண்கள்தான் மசாலா அரைத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா வீட்டுத் தோட்டத்துக் கத்திரிக்காயையும் முருங்கைக்காயையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தார். ரத்தம் கொடுத்த அந்த அண்ணன்தான் அடுப்புக்குப் பொறுப்பு, புகையில் கண் சிவக்கச் சிவக்க நின்றார். உபதேசியார் செபம் சொல்லி மந்திரித்த பிறகு, மாமியார் முதல் இலையை எங்கள் சொந்தத்தில் யாருக்கும் போடவில்லை. அந்தப் பக்கமாகப் போன ஒரு வயசாளியைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்துப் போட்டார். பிறகு ஊர்ச்சனம், அதற்குப் பிறகு வாசம் பிடித்து நின்ற பிள்ளைகள், பக்கத்து அடுப்புக்காரர்கள் என்று பந்தி நீண்டுகொண்டே போனது. சோறு போதாதோ என்று பயந்தேன். போதியது. மிச்சமும் இருந்தது. சாயங்காலம் புறப்படும்போதுதான் எங்கள் கூட்டத்தில் வந்த நர்ஸ் பெண் அத்தையின் காலிலிருந்து மீதி முள்ளை எடுத்தாள்.

என் பிள்ளை இன்றைக்கு ஓடுகிறான், பேசுகிறான், பால்வாடிக்குப் போகிறான். டாக்டர்கள் பாடுபட்டார்கள், அவர்களை மறக்கமாட்டேன். ரத்தம் கொடுத்தவரை, திண்ணையில் செபித்தவர்களை, மோர் ஊற்றியவர்களை, வரிசையில் பின்னால் நின்ற அந்த முகம் தெரியாத அம்மாவை மறக்கமாட்டேன். அருளானந்தரே, உமக்கு நன்றி. உம் அம்மாவுக்கும் நன்றி.

எங்கள் அன்பியத்தில் ஒரு தங்கைக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்து இப்போதுதான் வயிற்றில் நின்றிருக்கிறது. ஓரியூரில் எங்களோடு வந்து அவளும் ஒரு காசு முடிந்துவைத்திருக்கிறாள். வரும் புதன் நவநாளுக்கு எந்தக் கோயிலில் நின்றாலும் அவளுக்காக ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுங்கள்.